கிணற்றில் குதிக்கும் விருந்தாளிகள்

கோவாவில் ஜூன் 24 அன்று பின்கட்டுக் கிணற்றடியே விருந்துக் கூடம். அழைப்பிதழ் கிடையாது, தலைக்குப் பூ முடி உண்டு. இப்போது கிணறுகளுக்கும் அவற்றின் வீட்டுக்காரர்களுக்கும்தான் தட்டுப்பாடு.

ஜூன் 24, காலை பத்து மணி. வடகோவாவின் பார்தேஸ் தாலுகாவில் ஏதோ ஒரு கிராமம். மூன்று வாரமாகப் பெய்த மழையில் செம்பாறைக் கல் மதில்கள் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டன. சந்து முனையில் முதலில் கேட்பது மண்பானை மேளத்தின் சத்தம். பிறகு கூச்சல்: "விவா சாவ் ஜுவாவ்!" இருபது முப்பது பேர் நனைந்துகொண்டே வருகிறார்கள். ஒவ்வொரு தலையிலும் பூவும் இலையும் பழமுமாக ஒரு கிரீடம். ஒருவர் கூட வாசல் கதவைத் தட்டவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போகிறார்கள். அங்கே, சமையலறைக்குப் பின்னால், கிணறு. முதல் ஆள் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று ஒருமுறை கூவிவிட்டுக் குதிக்கிறார். அடுத்து இன்னொருவர். அப்புறம் மூன்று பேர் ஒன்றாக.

வீட்டுக்காரருக்குக் கோபம் வருவதில்லை. வராவிட்டால்தான் வருத்தம். வீட்டம்மாள் வாழையிலை போட்ட தட்டில் பலாச்சுளையும் அன்னாசித் துண்டுமாக ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கிறார். வீட்டுப் பெரியவர் ஒரு பெனி பாட்டிலைக் கழுத்தில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார். அதை யார் முதலில் எடுப்பது என்று உள்ளே ஒரு ரகளை. கால் மணி நேரம். பிறகு ஈரம் சொட்டச் சொட்ட அடுத்த வீட்டுக்கு.

இதுதான் சாவ் ஜுவாவ். திருமுழுக்கு யோவானின் பிறந்த நாள். கத்தோலிக்க உலகம் முழுவதும் கொண்டாடும் நாள்தான். ஆனால் கிணற்றுக்குள் குதித்துக் கொண்டாடுவது கோவா. மாநில மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 25 சதவீதம். அன்று கிணற்றில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த 25-ல் சேர்ந்தவர்கள் அல்ல. பக்கத்து வீட்டு இந்துப் பையன்களும் பூ முடி சூடி வருகிறார்கள். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

கிணறு ஏன் என்பதற்கு லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். கருவுற்றிருந்த மரியாள், தன்னைப் போலவே கருவுற்றிருந்த உறவினர் எலிசபெத்தைப் பார்க்கப் போகிறார். மரியாளின் வாழ்த்துக் குரல் கேட்டதும் எலிசபெத்தின் வயிற்றிலிருந்த குழந்தை துள்ளுகிறது. அந்தக் குழந்தைதான் யோவான். பின்னாளில் யோர்தான் ஆற்றில் ஏசுவுக்குத் திருமுழுக்கு கொடுத்தவர். ஆக, கிணறு என்பது தாயின் வயிறு. குதிப்பது குழந்தையின் துள்ளல். இறையியல் படித்தவர்கள் முதல் பெனி குடித்தவர்கள் வரை எல்லோரும் சொல்லும் விளக்கம் இதுதான்.

தேதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எலிசபெத்துக்கு அப்போது ஆறாம் மாதம். எனவே கிறிஸ்துமஸுக்கு ஆறு மாதம் முன்னால் யோவானின் பிறப்பு. ஐரோப்பாவில் அது கோடையின் உச்சம், ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டி வரும் நாள். போர்ச்சுகலின் போர்த்தோ நகரில் 23-ஆம் தேதி இரவு முழுவதும் தெருவிலேதான் ஊர். மத்தி மீன் சுட்டுத் தின்கிறார்கள், நெருப்பு மூட்டித் தாண்டுகிறார்கள், பிளாஸ்டிக் சுத்தியலால் ஒருவர் தலையில் மற்றவர் தட்டிக்கொள்கிறார்கள். பிரேசிலின் வடகிழக்கில் இதே நாள் சோளப் பலகாரமும் சொக்கப்பனையுமாக விடிகிறது. 1510-இல் கோவாவைப் பிடித்து 1961 வரை ஆண்ட போர்ச்சுக்கீசியர் இந்தக் கோடைத் திருநாளையும் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஆனால் கொங்கணக் கரையில் ஜூன் 24 கோடை இல்லை. தென்மேற்குப் பருவமழை வந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். அந்த மழையில் எந்த விறகு பற்றும்? நெருப்பைத் தாண்டும் விழா இங்கே தண்ணீரில் குதிக்கும் விழாவாக மாறியதற்குப் புனிதரைவிட மழையே காரணம் என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

அதனால் இது கோடையை வழியனுப்பும் விருந்து. சாப்பாட்டு மேஜையில் இருப்பதெல்லாம் மே மாத வெயிலின் மிச்சம்.

கோவாவில் மே மாதத்துக்கு 'புருமெந்த்' என்று ஒரு வேலை உண்டு. சேமிப்பு என்ற பொருள் தரும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. மழை நான்கு மாதம் வெளியே விடாது, கடலில் படகு இறங்காது என்பதால் கருவாடு, மிளகாய், வெங்காயச் சரம், கோக்கம் தோல், புளி, வினிகர் என்று வாங்கி அடைப்பார்கள். மட்காவில் இதற்கென்றே திருவிழாச் சந்தை கூடுகிறது. பலாவில் வருக்கையை அப்படியே தின்றுவிட்டு, கூழன் பழத்தைப் பிசைந்து முறத்தில் தடவி வெயிலில் காயவைத்தால் 'சாட்' என்ற பழத்தோல். முந்திரிப் பழம் பிழிந்து காய்ச்சியதில் முதலில் வரும் 'உர்ராக்' கோடையோடு தீர்ந்துவிடும், வைத்திருந்தால் கெட்டுவிடும். அதை மறுபடி காய்ச்சினால் பெனி. அது எத்தனை ஆண்டும் இருக்கும். கோவா முந்திரிப் பெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முந்திரியும் அன்னாசியும் மிளகாயும் அதே கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்தவை என்பதை யோவானின் பக்தர்கள் யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இந்த விருந்தின் சிக்கல், எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. பத்து பேர் வரலாம், நூறு பேரும் வரலாம். எனவே சமையல் அதற்கேற்ற சமையல். சோர்ப்பொத்தேல் அதில் முதலிடம். பன்றி இறைச்சியும் ஈரலும் பொடிப்பொடியாக நறுக்கி, வதக்கி, மசாலாவும் தென்னங்கள் வினிகரும் சேர்த்துக் கொதிக்க வைத்தது. சமைத்த அன்று அதைச் சாப்பிடுவது அவசரக்காரர்கள். 21-ஆம் தேதி சமைத்து, தினமும் ஒருமுறை சூடாக்கி, 24 அன்று பரிமாறினால்தான் புளிப்பும் காரமும் கறிக்குள் இறங்கியிருக்கும். அன்று காலையில் வீட்டம்மாளுக்கு அடுப்படி வேலை பாதிதான்.

கூடவே 'சான்னா'. பார்வைக்கு இட்லி, சுவையில் இட்லி இல்லை. உளுந்து கிடையாது. அரிசியும் தேங்காயும் அரைத்துக் கள் ஊற்றிப் பொங்கவிட்டு ஆவியில் வேகவைப்பது. மென்மையும் லேசான இனிப்பும் கள் தருவது. தென்னை மரம் ஏற ஆள் குறைந்துவிட்டதால் பல வீடுகளில் இப்போது ஈஸ்ட். சான்னா பொங்குகிறது, மணம் மட்டும் வரவில்லை.

இன்னொன்று 'பாத்தோளி'. ஊறிய அரிசியை விழுதாக அரைத்து, மஞ்சள் செடியின் இலையில் மெல்லத் தடவி, தேங்காய்ப் பூவும் கரிய தென்னை வெல்லமும் ஏலக்காயும் கலந்த பூரணத்தை நடுவில் வைத்து, இலையை நீளவாக்கில் மடித்து ஆவியில் வேகவைக்க வேண்டும். கன்னியாகுமரிப் பக்கத்து இலைக் கொழுக்கட்டை தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. பாத்திரத்தைத் திறந்ததும் வரும் மஞ்சளிலை வாசனைதான் பாதிப் பலகாரம். மஞ்சள் செடி முதல் மழைக்குத்தான் முளைக்கும் என்பதால் ஜூனில் இலை சின்னது, பலகாரமும் சின்னது. பெரிய இலைக்கு ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் வரை காத்திருக்க வேண்டும்.

குடிக்காதவர்களுக்குக் கோக்கம் சர்பத். கொறிக்க அவித்த கடலை. பீங்கான் தட்டெல்லாம் உள்ளேதான் இருக்கும். ஈரக் கையோடு வருபவருக்கு இலைதான் சரி.

அலங்காரத்துக்குத் தனிச் செலவு இல்லை. விருந்தாளிகளே அலங்காரம். தலையில் சூடும் 'கொப்பேல்' முந்தைய நாள் மாலையிலிருந்து தயாராகிறது. பெரும்பாலும் பாட்டிகளும் குழந்தைகளும் செய்யும் வேலை. முதலில் மதிலிலும் வேலியிலும் படர்ந்த கொடியை அறுத்து வரவேண்டும். காய்ந்த கொடி ஒடியும், இளங்கொடி துவளும், இரண்டுக்கும் நடுவில் வேண்டும். தலையளவுக்கு ஒரு வளையம், அதன்மேல் முறுக்கி இன்னும் இரண்டு சுற்று. இலையை உருவிவிடக் கூடாது, இலைதான் முடியின் உடம்பு. இடுக்குகளில் மழைக்குத் தழைத்த பெரணி. அதன்மேல் செம்பருத்தி, இட்லிப்பூ, கனகாம்பரம். கனகாம்பரத்தைக் கோவாக்காரர்கள் 'அபோலி' என்று கொண்டாடுகிறார்கள். தனிப் பூவைச் செருகினால் முதல் குதியிலேயே தண்ணீரோடு போய்விடும். அதனால் வாழை நாரில் சரமாகத் தொடுத்து வளையத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். நார் நனைய நனைய இறுகும். நூலுக்கு அந்தக் குணம் கிடையாது. துணிச்சல்காரர்கள் காய், பழம், சின்ன அன்னாசி வரை தலையில் ஏற்றுகிறார்கள். அழகுக்குப் போட்டி வைக்கும் ஊர்களில் தலை தெரிவதில்லை, தோட்டம் நடந்து வருகிறது.

மேளத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 'கும்மோட்' என்பது இருபுறமும் வாய் திறந்த மண்பானை. பெரிய வாயில் உடும்புத் தோல் இழுத்துக் கட்டியிருக்கும், சின்ன வாயைக் கையால் மூடித் திறந்து நாதத்தை மாற்றுவார்கள். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்ததால் அந்தத் தோல் குற்றமாகிவிட்டது. இப்போது ஆட்டுத்தோல். 2019-இல் கோவா அரசு கும்மோட்டை மாநிலத்தின் பாரம்பரிய வாத்தியமாக அறிவித்தது. கூடவே ஒலிக்கும் 'மாதளெம்' நம் மத்தளத்தின் உறவு என்பது பெயரிலேயே தெரிகிறது. அடுத்து வரும் கோயில் திருவிழாவிலும் இதே கும்மோட் ஒலிக்கும். வாத்தியத்துக்கு மதமில்லை.

அந்த ஆண்டு கல்யாணமான வீட்டில் கூட்டம் அதிகம். புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் முதல் சாவ் ஜுவாவ். ஊர் இளைஞர்கள் அவரைக் கொப்பேல் சூட்டி ஊர்வலமாக அழைத்து வருகிறார்கள். மாமியார் பழக்கூடையோடு நிற்பார். வாசலில் வரவேற்பு முடிந்ததும் மரியாதையும் முடிந்தது. மாப்பிள்ளை நீச்சல் தெரிந்தவர்தானா என்பது கிணற்றடியில் தெரிந்துவிடும். ஆடி அழைப்புக்குப் போன தமிழ் மாப்பிள்ளைகளும், கிட்டத்தட்ட இதே பருவத்தில் ஜாமாய் சஷ்டிக்கு மாம்பழமும் ஹில்சா மீனும் சாப்பிடும் வங்காள மாப்பிள்ளைகளும் தங்கள் அதிர்ஷ்டத்தை எண்ணிக்கொள்ளலாம். குழந்தை பிறந்த வீட்டிலும் அன்று நன்றி சொல்லிப் பழமும் பெனியும் கொடுக்கிறார்கள். துள்ளிய குழந்தையின் நாள் அல்லவா.

ஊருக்கெல்லாம் பெரிய விருந்து சியோலிமில். அங்கே கிணறு போதவில்லை, ஆறு வேண்டும். சப்போரா, அஞ்சுணா, அசகாவ் பக்கத்திலிருந்து அலங்கரித்த படகுகள் நீர்வழியாக வந்து பெரைரா வாடோ சாவ் ஜுவாவ் சிற்றாலயத்தின் அருகே சேர்வது நூற்றாண்டு கடந்த வழக்கம். படகுகளைச் சேர்த்துக் கட்டி மேடையாக்கினால் அது 'சாங்கோட்'. பாட்டு, வேஷம், உள்ளூர் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்யும் காட்சிகள். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். அழகான காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சியோலிமில் பார்வையாளர்கள் உண்டு. பின்கட்டுக் கிணற்றடியில் பார்வையாளர் என்று யாரும் கிடையாது. ஓரமாக நிற்பவரைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இப்போது கிணற்றைப் பற்றி.

விருந்து கொடுக்க வேண்டுமானால் கிணற்றில் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் வேண்டும். அது மழையின் தயவு. கோவாவுக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் வரும். 2025-இல் மே கடைசி வாரத்திலேயே வந்துவிட்டது. 2023-இல் கேரளத்தைத் தொடவே ஜூன் 8 ஆனது. மழை தாமதித்த ஆண்டில் கிணற்றை எட்டிப் பார்த்து, இந்த முறை வாளியால் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் வீட்டுக்காரர்தான் நல்ல வீட்டுக்காரர். ஆழம் தெரியாமல் தலைகீழாகக் குதித்துக் கழுத்தை முறித்துக்கொண்டால் புனிதர் பொறுப்பில்லை. குடித்துவிட்டு இறங்குவதும் அப்படித்தான். கொண்டாட்டத்தில் இதையும் ஒரு சமையல் குறிப்பைப் போல வீட்டுக்கு வீடு எழுதி ஒட்டலாம்: மோட்டாரின் மின்சாரத்தை முந்தைய நாளே துண்டிக்க வேண்டும். பிடித்து ஏற முடிச்சுப் போட்ட கயிறு தொங்க வேண்டும். குடிக்காத, நீச்சல் தெரிந்த ஒருவர் மேலேயே நிற்க வேண்டும். பல ஆண்டாக மூடிக் கிடந்த கிணற்றில் யாரும் இறங்கக் கூடாது, அடியில் காற்று கெட்டிருக்கும்.

அந்தக் கடைசி வகைக் கிணறுதான் பெருகிக்கொண்டிருக்கிறது. குழாய்த் தண்ணீர் வந்த வீட்டில் கிணற்றுக்கு வேலை இல்லை. குழந்தை விழுந்துவிடும் என்று இரும்பு வலை, அதன்மேல் பூட்டு. அடுக்குமாடிக் கட்டடம் எழுந்த இடத்தில் கிணறு இருந்த தடயம்கூட இல்லை. சில இடங்களில் கிணறு நன்றாகவே இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. 1961 டிசம்பருக்கு முன் கோவாவில் பிறந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும் போர்ச்சுக்கீசியக் குடியுரிமை கோரலாம் என்பதால், அந்தப் பாஸ்போர்ட்டோடு ஆயிரக்கணக்கானோர் லண்டன் பக்கம் போய்விட்டார்கள். அதற்கு முன்பே வளைகுடாவுக்கும் கப்பல் வேலைக்கும் போனவர்கள் உண்டு. தூண் வைத்த திண்ணையும் சிப்பி ஜன்னலும் உள்ள வீடு பூட்டியிருக்கிறது. பின்கட்டில் கிணறு நிரம்பி நிற்கிறது. மேளக்காரர்கள் மதிலோரம் ஒரு கூவல் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறார்கள்.

இந்த இடைவெளியை ஓட்டல்கள் கண்டுகொண்டன. ஜூன் 24 அன்று நீச்சல் குளத்தோரம் 'சாவ் ஜுவாவ் பார்ட்டி'. நுழைவுச்சீட்டு வாங்கினால் கையில் ஒரு கொப்பேல் தருகிறார்கள், சில இடங்களில் பிளாஸ்டிக் பூ. டி.ஜே. பாட்டு, பஃபே, குளோரின் தண்ணீர். மழைக்காலத்தில் காலியாகக் கிடந்த அறைகள் நிரம்புகின்றன, வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு, உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை. பாதுகாப்பும் கூடுதல், உயிர்காப்பாளர் நிற்கிறார். இதையெல்லாம் குறை சொல்ல முடியாது. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கியவர் விருந்தாளி இல்லை, வாடிக்கையாளர். அவருக்காக யாரும் மூன்று நாளாகச் சோர்ப்பொத்தேலைச் சூடாக்கிக்கொண்டிருக்கவில்லை. அவர் வராவிட்டால் வருத்தப்படவும் அங்கே ஆள் இல்லை. கிராமத்து விருந்தின் கூத்தே, யாரென்று தெரியாத ஈரத் தலைக்கும் அங்கே ஓர் இலை உண்டு என்பதுதான்.

இதற்கு எதிர்த்திசையிலும் சில நடக்கின்றன. ஆண்டு முழுவதும் வராத மும்பைவாசிகளும் அபுதாபிவாசிகளும் விடுப்பைச் சேமித்து இந்த வாரத்துக்கு வந்து இறங்குகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு விமானக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு இதுவே வருடாந்திர வீடு திரும்பல். 2020-இல் கொரோனா காலத்தில் கூட்டம் கூடத் தடை இருந்தபோது, குடும்பத்துக்குள்ளேயே நாலு பேர் தங்கள் கிணற்றில் குதித்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டிலிருந்து பதில் கூவல் வந்தது.

மாலை ஆறு மணிக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஜூன் 29, ராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு மீனவர்களின் சாங்கோட் இருக்கிறது, அதற்குத் தெம்பு வேண்டும். திண்ணையில் ஈரத் துணிகள் பிழிந்து தொங்குகின்றன. பின்கட்டெல்லாம் சேற்றுக் கால் தடம். கிணற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கி, மேலே செம்பருத்தியும் பெரணியும் மிதக்கின்றன. மறுநாள் காலை வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுப் பாதித் தண்ணீரை வாழைக்கு இறைத்துவிட்டு, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவார். இரண்டு நாள் மழையில் தண்ணீர் தெளிந்துவிடும். அதற்குள் வீட்டம்மாள் வாளியைக் கட்டி இறக்கி, யாரும் எடுக்காமல் விட்டுப்போன அன்னாசி ஒன்றை மேலே கொண்டுவந்து, துடைத்து, அடுப்படிக்கு எடுத்துப் போவார்.